போதும் என்பதும் போதாது என்பதும்: அமெரிக்க யூத இளைஞரின் ஐக்கிய இல்லங்களும் அவற்றின் இரு நூல்களும்

பாஸ்காவைப் பற்றிய பிரசங்கங்களில் நிலைக்கால்களில் பூசப்பட்ட இரத்தம் பெறும் இடத்தை, அந்நிலைக்கால்களுக்கு உள்ளே இருந்த வீடு பெறுவது அரிது. ஆயினும் யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தின் 3, 4 ஆகிய வசனங்கள், இரத்தத்தைக் குறிப்பிடுவதற்கு முன்னரே வீட்டைக் குறிப்பிடுகின்றன. வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி வேண்டும்; வீட்டார் தொகை அதற்குக் குறைவாயிருப்பின், அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, தலைகளை எண்ணி, அவரவர் உண்ணும் அளவை அறிந்து பகிர வேண்டும் என்பது அங்கு நாம் காணும் ஒழுங்கு. ஒரு பேரரசின் பிடியிலிருந்து ஒரு மக்களினம் விடுபடும் இரவு, இவ்வாறு ஒரு சிறு வீட்டின் உணவுக் கணக்கிலிருந்து தொடங்குகிறது. விடுதலையைப் பற்றி மிகுதியாகப் பேசும் இறையியல், இந்தக் கணக்கைப் பற்றிச் சிறிதே பேசியிருக்கிறது.

இக்கணக்கை நம் கவனத்துக்குக் கொண்டுவரும் வரலாறொன்று உண்டு. 1960களின் இறுதியிலிருந்து அமெரிக்க யூத இளைஞர் சிலர், சமூக நீதியில் கொண்ட வேட்கையோடு, சேர்ந்து ஜெபிக்கவும் கற்கவும் உண்ணவும் ஐக்கிய இல்லங்களை அமைத்தனர். அச்சூழலில் இரு நூல்கள் எழுந்தன. ஒன்று, 1969இல் வெளிவந்த 'ஃபிரீடம் சேடர்' என்னும் பாஸ்கா வழிபாட்டு முறைமை; மற்றொன்று, 1973இல் வெளிவந்த 'தி ஜூயிஷ் கேட்டலாக்' என்னும் கையேடு. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு நூல் 'போதாது' என்றது. மற்றொன்று 'போதும்' என்றது. நீதிக்கென எழுப்பப்படும் வீடு இவ்விரு சொற்களுள் ஒன்றை மட்டும் பேசி நிலைக்க இயலாது என்பதே நாம் வந்தடையும் முடிவு.

வீடு தேடிய தலைமுறை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க யூதர் பெருந்தொகையாக நகரங்களை விட்டுப் புறநகர்களில் குடியேறினர். அங்கே பெரிய ஜெப ஆலயங்கள் எழுந்தன. அவற்றில் வளர்ந்த பிள்ளைகளுள் பலர், பெற்றோரின் ஆலயத்தை ஒரு வீடாகக் காணவில்லை. வரிசையாக இடப்பட்ட இருக்கைகளில் அமர்ந்து, மேடையில் நிகழ்வதைப் பார்த்துத் திரும்பும் நிறுவனமாகவே கண்டனர். அதே வேளையில் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் அவர்களை வெளியே அழைத்தது. 1965இல் செல்மா நகரில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்த ரபி ஆபிரகாம் யோசுவா ஹெஷல், 1951இல் ஓய்வுநாளைப் பற்றி ஓர் அரிய நூல் எழுதியவரும் ஆவார். ஓய்வுநாளும் ஊர்வலமும் ஒரே மனிதரிடம் கூடியிருந்ததை அத்தலைமுறை தன் கண்ணால் கண்டது. ஆனால் அவ்விரண்டும் கூடி வாழ்வதற்கு ஏற்ற வீடு அதனிடம் இல்லை.

1968ஆம் ஆண்டில், அப்போது 27 வயதினரான ரபி ஆர்தர் கிரீனும் அவர்தம் நண்பர்களும் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 'ஹவூராத் ஷாலோம்' என்னும் ஐக்கியத்தை நிறுவினர். அது முதலில் ஓர் இறையியற் பள்ளியாகவே தொடங்கியது என்பது நம் மாணவர் கவனிக்கத்தக்கது. வியட்நாம் போர் நடந்த அக்காலத்தில் இறையியல் மாணவருக்குக் கட்டாயப் படைச்சேவையிலிருந்து கிடைத்த விலக்கும் சிலரை அங்கு ஈர்த்தது என்பதை மறைப்பதற்கில்லை. சில ஆண்டுகளுள் ஆசிரியர், மாணவர் என்னும் வேறுபாடு தளர்ந்தது, பள்ளி என்னும் நோக்கம் விலகியது, ஐக்கியம் நின்றது. சாமர்வில் நகரிலுள்ள வீடொன்றில், தரையில் மெத்தைகளை இட்டு, வட்டமாக அமர்ந்து அவர்கள் ஜெபித்தனர். உறுப்பினர் பலர் அருகில் தனித்தனியே குடியிருந்த போதிலும், ஜெபமும் வேத வாசிப்பும் பொதுவுணவும் அந்த ஒரு வீட்டையே அவர்கள் அனைவருக்கும் வீடாக்கின. 1969இல் நியூயார்க்கிலும், 1971இல் வாஷிங்டனில் 'ஃபப்ராங்கென்' என்னும் பெயரிலும் இத்தகைய ஐக்கியங்கள் தோன்றின.

அவர்கள் தெரிந்துகொண்ட 'ஹவூரா' என்னும் சொல் புதியதன்று. தோழன் எனப் பொருள்படும் 'ஹாவேர்' என்னும் எபிரெயச் சொல்லிலிருந்து பிறந்தது அது. மிஷ்னாவின் 'தெமாய்' என்னும் பகுதியில், தசமபாகத்தையும் உணவுத் தூய்மையையும் கருத்தாய்க் காப்பதாக உறுதி கூறியவர் 'ஹாவேர்' எனப்படுகிறார். நற்கருணையின் தோற்றத்தை ஆராய்வோர்க்கும் இச்சொல் அறிமுகமானதே. ஆண்டவருடைய கடைசி இராவுணவு பாஸ்கா உணவன்று, ஹவூரா உணவே எனக் கிரகரி டிக்ஸ் 1945இல் வாதிட்டதையும், யோவாக்கிம் யெரேமியாஸ் அதனை மறுத்ததையும் வழிபாட்டியல் வகுப்புகளில் நாம் கற்றிருக்கிறோம். அவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும் ஒன்று தெளிவு: யூத மரபில் தோழமை என்பது உள்ளத்து உணர்ச்சி மட்டுமன்று, யாரோடு, எதனை, எந்த ஒழுங்கில் உண்பது என்னும் கடப்பாடும் ஆகும்.

'போதாது' என்ற நூல்

ஃபிரீடம் சேடரை எழுதிய ஆர்தர் வாஸ்கோ, அப்போது ரபி அல்லர். வாஷிங்டனில் பணியாற்றிய வரலாற்றறிஞர். போர் எதிர்ப்பிலும் குடியுரிமைப் போராட்டத்திலும் ஈடுபட்டவர். ரபியாக அவர் நியமனம் பெற்றது 1995இல்தான். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின், வாஷிங்டனின் கறுப்பினப் பகுதிகளில் கலகம் மூண்டது. நகருக்குள் இராணுவம் வந்தது. அந்த ஏப்ரல் 12ஆம் நாள் மாலை பாஸ்கா தொடங்கியது. சேடர் உணவுக்காக வீடு திரும்பும் வழியில், தெருவை நோக்கி நின்ற இராணுவத்தின் துப்பாக்கியைக் கண்டபோது, அது பார்வோனின் சேனை என்றே தமக்குத் தோன்றியதாக அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார்.

அத்தோற்றத்தின் விளைவே அவர் எழுதிய புதிய ஹகாதா. ஹகாதா என்பது பாஸ்கா இரவில் வீட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து வாசிக்கும் முறைமை நூல். 1969 ஏப்ரல் 4ஆம் நாள், கிங் மறைந்த முதலாண்டு நினைவு நாளில், பாஸ்காவின் மூன்றாம் இரவில், வாஷிங்டனில் கறுப்பின மக்களின் சபையாகிய லிங்கன் டெம்பிள் ஆலயத்தில் ஏறத்தாழ 800 பேர் கூடி அதனை வாசித்தனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் யூதர். ஏனையோர் கறுப்பினத்தாரும் வெள்ளையருமான கிறிஸ்தவர். அச்சபையின் போதகர் சானிங் பிலிப்ஸ் அதனை நடத்தியவர்களுள் ஒருவர்.

இந்நூலின் பெருமையை முதலில் கூறுதல் முறை. ஹகாதா, ஒவ்வொரு தலைமுறையும் எகிப்திலிருந்து தானே புறப்பட்டதாகக் கருதவேண்டும் என்று கற்பிக்கிறது. வாஸ்கோ அதனை உள்ளபடியே எடுத்துக்கொண்டார். வார்சா சேரியின் நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்த இமானுவேல் ரிங்கெல்புளுமின் சொற்களும், அடிமைகளின் கிளர்ச்சியை நடத்திய நாட் டர்னரின் நினைவும், காந்தியடிகள், தோரோ, கிங் ஆகியோரின் சிந்தனைகளும் பழைய ஆசீர்வாதங்களோடு ஒரே பக்கத்தில் இடம்பெற்றன. யூதருடைய யாத்திரையை மறக்காமலே பிறருடைய யாத்திரையையும் யூத மேசையில் பேசலாம் என்பதை அந்நூல் செய்து காட்டியது. அதன்பின் பெண்களின் ஹகாதா, தொழிலாளரின் ஹகாதா எனப் பல முறைமைகள் தோன்றுவதற்கு வாயில் திறந்தது அதுவே.

எதிர்ப்பும் எழுந்தது. இலக்கியத் திறனாய்வாளர் ராபர்ட் ஆல்ட்டர் 1971இல் 'கமென்ட்டரி' இதழில் அந்நூலைக் கடுமையாகக் கண்டித்தார். விவிலிய விவரிப்புக் கலையைப் பற்றிய நூலால் பின்னர் நம் மாணவர் நன்கறிந்தவரும் இவரே. சமய மரபு அரசியலுக்குக் கருவியாக்கப்படுகிறது என்பது அவரது குற்றச்சாட்டின் சாரம். கரும் சிறுத்தைகள் இயக்கத்தின் எல்ட்ரிட்ஜ் கிளீவருக்கு, நியாயாதிபதிகளுக்குரிய 'ஷோஃபேத்' என்னும் பட்டத்தை அந்நூல் சூட்டியிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். கிளீவரின் பிற்கால வாழ்வை நோக்கும்போது, நிகழ்காலத்து மனிதரை அவசரமாகத் திருமறைப் பட்டங்களில் ஏற்றுவதன் ஆபத்தை ஆல்ட்டர் சரியாகவே கண்டார் எனலாம்.

ஆயினும் நம் மதிப்பீட்டில் அந்நூலின் ஆழமான குறை வேறிடத்தில் உள்ளது. மரபுவழி ஹகாதாவில் 'தயேனு' என்னும் துதிப்பாடல் உண்டு. 'நமக்குப் போதுமாயிருந்திருக்கும்' என்பது அச்சொல்லின் பொருள். எகிப்திலிருந்து புறப்பட்டது முதல் ஆலயம் கட்டப்பட்டது வரையுள்ள தேவ நன்மைகளை ஒவ்வொன்றாய் எண்ணி, இத்தோடு நின்றிருந்தாலும் போதும் எனப் பாடுவது அது. கணக்காகப் பார்த்தால் இது பொருந்தாது. கடல் பிளந்தும் கரை சேராதவனுக்கு என்ன பயன்? ஆனால் இது கணக்கன்று, நன்றி. வாஸ்கோ இப்பாடலைத் தலைகீழாக்கினார். அவர் நூலில், செய்து முடிக்க வேண்டிய பணிகள் ஒவ்வொன்றாய் எண்ணப்படுகின்றன. ஒவ்வொன்றின் இறுதியிலும் 'போதாது' என்பதே மறுமொழியாகிறது. தேவன் செய்தவற்றின் பட்டியல், மனிதர் செய்யவேண்டியவற்றின் பட்டியலாக மாறிவிட்டது.

இவ்விடத்தில் கிறிஸ்தவ வாசகர் ஓர் எச்சரிக்கை கொள்ள வேண்டும். யூத சமயம் நியாயப்பிரமாணம், கிறிஸ்தவம் கிருபை என்னும் பழைய எளிய பிரிவினை இங்கே உதவாது. கிருபையின் சொல் இருந்தது பழைய யூத முறைமையில். கட்டளையின் சொல் வந்தது புதிய அரசியல் முறைமையில். இதே மாற்றம் நம் வழிபாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. நன்றியின் இடத்தில் தீர்மானங்களை வைத்த ஜெபங்கள் நம்மிடையேயும் உண்டு. எனவே வாஸ்கோவின் மேல் நாம் வைக்கும் விமரிசனம், யூத மரபின் பெயரால் வைக்கும் விமரிசனமே அன்றி, அதற்கு மேலே நின்று வைப்பதன்று.

அவருடைய 'போதாது' பொய்யன்று. 1969இன் வாஷிங்டனில் அது உண்மையே. ஆனால் ஓரிரவுக் கூட்டத்துக்குப் போதுமான அச்சொல், ஆண்டு முழுவதும் சேர்ந்து வாழும் ஒரு வீட்டுக்கு உணவாகாது. இதை நாம் சொல்வதற்கு முன், வாஸ்கோவின் வாழ்வே சொல்லிற்று. அவர் ஃபப்ராங்கென் ஐக்கியத்தில் சேர்ந்து, ஓய்வுநாள்தோறும் மற்றவர்களோடு வட்டமாக அமர்ந்து தோராவைக் கற்றார். அக்கலந்துரையாடல்களிலிருந்து பிறந்தது 1978இல் அவர் வெளியிட்ட 'காட்ரெஸ்லிங்' என்னும் நூல். யாக்கோபு இரவு முழுவதும் போராடியதை மையமாகக் கொண்ட அந்நூலில், முன்னையதைவிட நிதானமான குரலைக் கேட்கிறோம். போராட்டத்தின் எழுத்தாளரை ஓய்வுநாளின் மேசை தன்னிடம் அழைத்துக்கொண்டது.

'போதும்' என்ற நூல்

'தி ஜூயிஷ் கேட்டலாக்' ரிச்சர்ட் சீகல், மைக்கேல் ஸ்ட்ராஸ்ஃபெல்டு, ஷரன் ஸ்ட்ராஸ்ஃபெல்டு ஆகிய மூவரும் தொகுத்தது. ஹவூராக்களின் சூழலில் உருவானது. 1968இல் வெளிவந்த 'ஹோல் எர்த் கேட்டலாக்' என்னும் கையேடு அதற்கு முன்மாதிரி. ஓய்வுநாள் அப்பத்தைப் பிசைந்து பின்னுவது, மெழுகுவர்த்தி வார்ப்பது, ஜெபப் போர்வையின் தொங்கல்களை முடிவது, திருமண உடன்படிக்கையை எழுதுவது ஆகியவற்றைப் படங்களுடன் அது கற்பித்தது. 1976இலும் 1980இலும் அடுத்த இரு தொகுதிகளும் வெளிவந்தன. அமெரிக்க யூத வெளியீட்டுக் கழகத்தின் நூல்களுள் அது பெற்ற விற்பனை வியக்கத்தக்கது.

இந்நூலின் சாதனை, சமயத்தை வல்லுநர் கையிலிருந்து வீட்டார் கைக்குக் கொண்டுவந்தது. ரபி செய்வதைப் பார்த்திருந்தவன், தானே செய்யக் கற்றான். சீர்திருத்தத் திருச்சபைகள் 'விசுவாசிகள் அனைவரின் ஆசாரியத்துவம்' என்று கோட்பாட்டில் கூறுவதை, ஒரு கையேடு மாவிலும் நூலிலும் மெழுகிலும் கூறிற்று. நம் சபைகளில் அக்கோட்பாடு எத்தனை வீடுகளின் சமையலறை வரை சென்றிருக்கிறது எனக் கேட்டுப் பார்த்தல் தகும்.

சமூகவியலறிஞர் மார்ஷல் ஸ்க்லேர் 1974இல் அதே 'கமென்ட்டரி' இதழில் இந்நூலைத் திறனாய்ந்தார். கடமையாக இருந்தது சுவையாக மாறிவிட்டது; கட்டளையின் இடத்தில் தனிமனிதனின் மனநிறைவும் அழகுணர்ச்சியும் வந்தமர்ந்தன என்பது அவரது மதிப்பீடு. இது புறக்கணிக்கத்தக்கதன்று. அப்பம் பின்னும் கையின் இன்பம், அப்பமில்லாதவனை மறக்கச் செய்யலாம். 'போதும்' என்னும் சொல், நன்றியாகத் தொடங்கித் தன்னிறைவாக முடிய வழியுண்டு. ஓய்வுநாள் மெழுகுவர்த்தியின் ஒளி அறைக்குள் அழகாயிருக்கும்போது, சாளரத்துக்கு வெளியே இருள் இன்னும் கறுத்துத் தோன்றுவதில்லை. சாளரமே தோன்றாமற் போகிறது.

ஆல்ட்டரும் ஸ்க்லேரும் ஒரே இதழில், மூன்றாண்டு இடைவெளியில், எதிரெதிரான இரு குறைகளைக் கண்டனர். அரசியல் மரபை விழுங்குகிறது என்றார் ஒருவர். அழகு கடமையை விழுங்குகிறது என்றார் மற்றவர். இருவரும் நூல்களைச் சரியாகவே வாசித்தனர். ஆனால் அந்நூல்களுக்குப் பின்னால் இருந்த வீடுகளை அவர்கள் போதிய அளவு நோக்கவில்லை என்பது நம் கருத்து. வீடு ஒரு நூலைவிடச் சிக்கலானது. அங்கே இரு நூல்களையும் வாசித்தவர்கள் ஒரே பாத்திரங்களைக் கழுவ வேண்டியிருந்தது.

மேசையில் எண்ணப்பட்டவர் யார்?

நீதிக்கென அமைந்த வீட்டை, அது வெளியே எழுப்பும் குரலால் மட்டும் அளக்கலாகாது. அதன் மேசையில் யார் எண்ணப்படுகிறார் என்பதே முதல் அளவு. ஜெபத்துக்கு வேண்டிய பத்துப் பேர் கொண்ட தொகையை யூதர் 'மின்யான்' என்பர். மரபின்படி அதில் ஆண்கள் மட்டுமே எண்ணப்பட்டனர். கறுப்பின மக்கள் வாக்காளராக எண்ணப்பட வேண்டும் என்று போராடிய தலைமுறையில், பெண்கள் ஜெபத்தில் எண்ணப்படாதிருந்த முரண்பாடு நெடுநாள் மறைந்திருக்க முடியவில்லை.

1971இல் நியூயார்க் ஹவூராவோடு தொடர்புடைய பெண்கள் சிலர் கூடிக் கற்கத் தொடங்கினர். தங்கள் குழுவுக்கு 'எஸ்ராத் நஷீம்' எனப் பெயரிட்டனர். எருசலேம் ஆலயத்தில் பெண்கள் நிற்க வேண்டிய பிராகாரத்தின் பெயர் அது. பெண்களுக்கான உதவி என்றும் அதனை வாசிக்கலாம். தங்களை ஒதுக்கி வைத்த இடத்தின் பெயரையே உதவியின் பெயராக்கினர். 1972 மார்ச்சில் கன்சர்வேட்டிவ் பிரிவு ரபிகளின் மாநாட்டுக்குச் சென்று தங்கள் கோரிக்கையை வைத்தனர்: மின்யானில் எண்ணப்பட வேண்டும், சாட்சிகளாக ஏற்கப்பட வேண்டும், மணவிலக்கைத் தொடங்கும் உரிமை வேண்டும், ரபிகளின் கல்லூரியில் இடம் வேண்டும், கட்டளைகள் அனைத்தையும் ஆண்களைப் போலவே கைக்கொள்ளும் கடப்பாடும் வேண்டும்.

இறுதிக் கோரிக்கையை ஊன்றி நோக்குதல் வேண்டும். அவர்கள் விலக்கு வேண்டவில்லை, கடப்பாடு வேண்டினர். 'எங்களுக்கும் உரிமை தாருங்கள்' என்பதோடு நில்லாமல், 'எங்களையும் கட்டளைக்கு உட்படுத்துங்கள்' என்றனர். ஸ்க்லேர் கண்ட குறைக்கு, அவர் எழுதுமுன்னரே அந்தச் சூழலிலிருந்து எழுந்த விடை இதுவெனலாம். 1973இல் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழு பெண்களை மின்யானில் எண்ண இசைந்தது. 1983இல் அதன் கல்லூரி ரபி பயிற்சியில் பெண்களைச் சேர்க்க முடிவு செய்தது. 1985இல் ஏமி ஐல்பர்க் அப்பிரிவின் முதல் பெண் ரபியானார். ஒரு படிப்பு வட்டத்தில் தொடங்கிய கேள்வி, 12 ஆண்டுகளில் ஒரு பெருங்கல்லூரியின் வாயிலைத் திறந்தது.

இதனை அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தோடு ஒப்பிட்டு நோக்குவோம். எருசலேம் சபை, உடைமைகளைப் பொதுவாய்க் கொண்டிருந்த காலத்திலேயே, அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசிய யூத விதவைகள் விடுபட்டனர். பொதுவாழ்வு தானாகவே நீதியாகிவிடுவதில்லை என்பதை லூக்கா மறைக்காமல் எழுதினார். சபை அந்த முறுமுறுப்பை அவிசுவாசம் எனத் தள்ளவில்லை, பந்தியைத் திருத்தியது. ஒரு வீடு நீதியுள்ளதாவது, அங்கு முறுமுறுப்பே எழாததால் அன்று; எழும்போது பந்தி திருத்தப்படுவதால்.

மேசைக்குச் செலவு செய்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. ஃபப்ராங்கென் தொடக்கத்தில் வாஷிங்டன் யூத சமூகத்தின் பொதுநிதியிலிருந்து உதவி பெற்றது. அதன் அரசியல் நிலைப்பாடுகள் பற்றிக் கருத்து வேறுபாடு எழவே, அவ்வுதவி விரைவில் நின்றது. கொடுத்த கையை முழுவதும் குறை கூறுவதற்கில்லை. தன் பணம் எதற்குப் பயன்படுகிறது எனக் கேட்கச் சமூகத்துக்கு உரிமையுண்டு. ஆனால் தீர்க்கதரிசனக் குரலுக்குக் கொடையாளர் வாடகை செலுத்தும்போது, குரலின் எல்லையை வாடகை வரையறுக்கும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. உதவி நின்றபின்னும் ஃபப்ராங்கென் கலையவில்லை என்பது அதைவிடக் கவனிக்கத்தக்கது.

ஓராண்டு இல்லங்கள்

பிற்காலத்தில் இவ்வேட்கை புதிய வடிவங்களைப் பெற்றது. 1998இல் நியூயார்க்கில் 'அவோதா' என்னும் அமைப்பு தொடங்கியது. கல்லூரியை முடித்த யூத இளைஞர் ஓராண்டுக் காலம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வர். பகலில் வறுமையை எதிர்த்துப் போராடும் நிறுவனங்களில் பணி செய்வர். மாலையில் யூத மரபையும் சமூக நீதியையும் சேர்த்துக் கற்பர். 2006இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 'மோய்ஷே ஹவுஸ்' என்னும் பெயரில் மற்றொரு முயற்சி தொடங்கியது. அங்கு இருபது வயதுகளிலுள்ள நண்பர்கள் சேர்ந்து குடியிருந்து, வாடகையில் ஒரு பகுதியை நிறுவனத்திடமிருந்து பெற்று, அதற்கு ஈடாகத் தம் வீட்டில் மற்ற இளைஞருக்கு விருந்தும் கல்வியும் வழிபாடும் நடத்தினர்.

'அவோதா' என்னும் பெயரின் பொருத்தத்தை எபிரெயம் கற்றோர் உடனே உணர்வர். வேலை, ஊழியம், வழிபாடு ஆகிய மூன்றையும் அச்சொல் குறிக்கும். யாத்திராகமம் 1:14இல் எகிப்தியர் சுமத்திய கொடிய வேலை 'அவோதா'. 12:26இல் பிள்ளைகள் பொருள் கேட்கும் பாஸ்கா ஆராதனையும் 'அவோதா'. அடிமை வேலையிலிருந்து ஆராதனைக்குச் செல்லும் பயணமாக யாத்திராகமம் முழுவதையும் இந்த ஒரு சொல்லைக் கொண்டே வாசித்துவிடலாம். எகிப்தில் 'போதாது' என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் பார்வோன். செங்கலின் கணக்குக் குறையாமல் வைக்கோலை மட்டும் நிறுத்தியவன் அவன். ஆகவே நீதிப்பணியே ஓய்வற்ற வேலையாக மாறும்போது, பணியாளர் தம்மை அறியாமலே எகிப்துக்குத் திரும்புகின்றனர். அவோதா இல்லத்தில் ஓய்வுநாளை எவ்வாறு கைக்கொள்வது, உணவு விதிகளை எவ்வளவு காப்பது என்பவற்றைக் குடியிருப்போர் கூடிப் பேசி முடிவு செய்வது, வெளியார்க்கு அற்பமாகத் தோன்றலாம். உண்மையில் அப்பேச்சே அவர்களைப் பார்வோனின் கணக்கிலிருந்து காக்கும் வேலி.

இவ்வடிவங்களுக்கும் குறையுண்டு. ஓராண்டு என்பது கற்றுக்கொள்ளப் போதும்; வேரூன்றப் போதாது. ஏழைகள் அந்தத் தெருவில் ஓராண்டுக்கு மட்டும் வாழ்வதில்லை. அவ்வாறே, நிகழ்ச்சிகளின் எண்ணிக்கைக்கு ஈடாக வாடகை கிடைக்கும் இடத்தில், வீடு மெல்ல மெல்ல நிகழ்ச்சி மண்டபமாக மாறும் சோதனை உண்டு. 1968இன் இளைஞர் நிறுவனத்தை விட்டு வீட்டைத் தேடினர். இப்போது நிறுவனமே வீட்டை வழங்குகிறது. இது வெற்றியா, தோல்வியா என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. வீட்டின் வாசல், நிகழ்ச்சி இல்லாத நாளிலும் பசித்தவனுக்குத் திறக்கிறதா என்பதைக் கொண்டே ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே மதிப்பிடல் வேண்டும். பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்வதையும் வீடற்றவனை வீட்டிற் சேர்ப்பதையும் தேவன் விரும்பும் உபவாசமாக ஏசாயா 58ஆம் அதிகாரம் கூறுவதை, யூதர் பாவநிவாரண நாளின் காலை வழிபாட்டில் வாசிக்கின்றனர். அவ்வசனம் மண்டபத்தைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது.

மன்னாவின் அளவு

'போதும்', 'போதாது' என்னும் இரண்டும் எங்கே சந்திக்கின்றன? யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் என்பது நம் விடை. மன்னாவை மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை. குறைவாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளுக்கென வைத்தது புழுத்தது. ஓய்வுநாளுக்கென வைத்தது கெடவில்லை. இங்கே 'போதும்' என்பது தனிமனிதனின் மனநிறைவன்று. ஒவ்வொரு கூடாரத்துக்கும் தலைக்கணக்கின்படி அளக்கப்பட்ட நீதி. அவ்வளவுக்கு மேல் ஒருவன் சேர்த்தால், அது புழுக்கும். அதற்குக் குறைவாக ஒருவன் பெற்றால், அது 'போதாது' என்று உரத்துச் சொல்லப்பட வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையிடம் பணம் கேட்கும்போது, பவுல் 2 கொரிந்தியர் 8:15இல் இந்த மன்னாவின் அளவையே சுட்டினார் என்பது தற்செயலன்று.

இவ்வளவினால் நோக்கும்போது, ஃபிரீடம் சேடர் அண்டை வீட்டானுடைய 'போதாது' என்னும் குரலைக் கேட்டது. நன்றியின் 'போதும்' என்னும் சொல்லை அதற்கு விலையாகக் கொடுத்துவிட்டது. கேட்டலாக் வீட்டின் 'போதும்' என்னும் நன்றியை மீட்டது. அண்டை வீட்டாரை எண்ணும் கணக்கை அந்த முதல் தொகுதி போதிய அளவு வலியுறுத்தவில்லை. எஸ்ராத் நஷீம் பெண்களோ, எண்ணப்படும் உரிமையையும் கட்டளையின் கடப்பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டு, இரு சொற்களையும் ஒரு மேசையில் அமர்த்தினர். இவ்வியக்கம் எழுதியவற்றுள் நமக்கு மிகவும் பயன்படத்தக்கது, அந்த இரு பெரும் நூல்களைவிட, அவர்கள் ரபிகளின் முன் வைத்த அச்சிறு கோரிக்கையே எனத் துணிந்து கூறுவோம்.

இவ்வரலாற்றைக் கற்கும் போதகருக்கு ஒரு சொல். யூதரின் சேடரை எடுத்து, கிறிஸ்துவின் பெயரைச் சேர்த்து, நம் சபை மண்டபத்தில் நடத்திவிடுவதன்று இதன் பயன். 1969இல் லிங்கன் டெம்பிள் சபை தன் ஆலயத்தைத் திறந்து கொடுத்தது. யூதரின் மேசையைத் தன் மேசையெனக் கொள்ளவில்லை. விருந்தோம்பவும் விருந்தினராயிருக்கவும் அறிந்த திருச்சபைக்கு அது நல்ல முன்மாதிரி. நமக்கென ஒரு மேசை உண்டு. அதில் ஒவ்வொரு முறையும் நாம் நன்றி செலுத்துகிறோம். ஆகவே 'போதும்' என்கிறோம். அதே மேசையைச் சுற்றி யார் இன்னும் எண்ணப்படவில்லை, யாருடைய பங்கு குறைகிறது, அண்டை வீட்டார் அழைக்கப்பட்டனரா என்று கேட்கும்போது 'போதாது' என்கிறோம். அப்பத்தைப் பிட்கும் கை, ஆளை எண்ணும் கையாகவும் இருத்தல் வேண்டும்.